ஈஸிசேர் முறை தவறிய வாரம்

ஈஸிசேர் இறந்துவிட்டார் என்ற செய்தியைப் படித்தபோது நான் சிரித்தேன். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், பாயின் பேப்பர்க் கடைக்கு முன்னால், அஞ்சடி நடைபாதையில் நின்றபடியே வாய்விட்டுச் சிரித்தேன். பூ வாங்க வந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாய் கூட என்ன விஷயம் என்று கேட்டார். ஒன்றுமில்லை பாய், ஒருத்தர் செத்துப்போயிட்டார் என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தேன். இந்தக் கட்டுரையை இப்படித் தொடங்க எனக்கும் விருப்பமில்லை. ஆனால் நடந்தது இதுதான், இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

இதைப் படிப்பவர்களில் சிலருக்கு அவரை சூசைமாணிக்கம் என்று தெரிந்திருக்கும். பஸ் டெர்மினலில் டைம்கீப்பராக இருந்தவர், குவீன்ஸ்டவுன்காரர், மாதா கோயிலில் கடைசி வரிசையில் உட்காருகிறவர் என்று சொன்னால் இன்னும் சிலருக்கு ஞாபகம் வரலாம். எனக்கு இதெல்லாம் அவர் மண்ணுக்குள் போன பிறகுதான் தெரிந்தது. எட்டு வருடம் நாங்கள் இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்தோம் என்றே சொல்லலாம். அவர் பெயர் எனக்குத் தெரியாது, முகம் தெரியாது. எனக்கும், சால்வைக்கும், மாத்திரைக்கும் அவர் ஈஸிசேர். அவ்வளவுதான்.

எப்படித் தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் நடுவில் ஊரில் யாரைப் பார்த்தாலும் இரண்டு பெரிய கதாநாயகர்களில் ஒருவருடைய ரசிகராக இருந்தார்கள். எனக்குப் பிடித்தவர் வேறு ஒருவர். படத்தில் கதாநாயகிக்கு அப்பாவாகவோ கதாநாயகனுக்கு மாமாவாகவோ வருவார், சால்வையைப் போர்த்திக்கொண்டு ஈஸிசேரில் உட்கார்ந்து மாத்திரை விழுங்குவார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், ஒரு பெரிய ரகசியத்தைச் சொல்ல வாயெடுத்து, பாதியிலேயே தலை சாய்ந்துவிடும். இடைவேளைக்குள் செத்துவிடுவார். எந்தப் படமானாலும் இதே கதி. ஒருநாள் பொறுக்க மாட்டாமல், இந்த மனிதரை ஒரு படத்திலாவது கடைசிவரை உயிரோடு விடக்கூடாதா என்று பத்திரிகையின் சினிமாப் பக்கத்துக்கு எழுதிப் போட்டேன். அடுத்தடுத்த வாரங்களில் என்னை ஆதரித்து மூன்று கடிதங்கள் வெளிவந்தன. இந்தச் சிங்கப்பூரில் அவருக்கு மொத்தமே நான்கு ரசிகர்கள்தான் போலிருக்கிறது.

நாங்கள் நான்கு பேரும் பாயிடம்தான் பத்திரிகை வாங்குகிறோம் என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் பாய். அவர் கொடுத்த யோசனைதான் அந்த நோட்டு. ஒருவர் எழுதிப் பழுப்புத் தாளில் சுற்றிக் கடையில் கொடுப்பார், அடுத்தவர் வந்து வாங்கிப்போவார். ஆளுக்கு மூன்று நாள். சொந்தப் பெயர் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். கல்யாணமாகாத பெண் முகம் தெரியாத ஆட்களோடு சினிமா பேசி எழுதுகிறாள் என்று தெரிந்தால் என் அண்ணன் நோட்டோடு என்னையும் சேர்த்துக் கிழித்திருப்பார். சால்வை பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர் என்பது எழுத்திலேயே தெரிந்தது, அவருக்கும் மறைவு தேவையாக இருந்தது. ஆகவே நடிகர் சாகும்போது பக்கத்தில் இருக்கிற சாமான்களை எல்லாம் பெயர்களாகப் பங்கு போட்டுக்கொண்டோம். நான் மூக்குக்கண்ணாடி. எனக்குக் கண்பார்வை நன்றாகவே இருக்கிறது என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது, காரணம் பிறகு வரும்.

நடிகரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? மூன்றாவது சுற்றிலேயே அவர் தீர்ந்துபோனார். பிறகு நோட்டு முழுக்க எங்கள் வீட்டு விவகாரம்தான். லிஃப்ட் மூன்று நாளாக ஓடவில்லை, மேனேஜர் முறைக்கிறான், கோழிக்கறியில் உப்பு அதிகம். ஒருவர் தலைவலி என்று எழுதினால் மற்றவர்கள் விசாரிப்பது பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவர் கண்ணில் படும். அதற்குள் தலைவலி போய்ப் பல்வலி வந்திருக்கும். ஈஸிசேர்தான் ஒரு வழக்கம் கொண்டுவந்தார்: எழுதத் தொடங்கும்போது முதல் வரியில் அன்றைக்கு என்ன சாப்பிட்டோம் என்று எழுத வேண்டும். "என்ன சாப்பிட்டோம்னு மறைக்கிற ஆள் வேற எதையோ மறைக்கிறார்னு அர்த்தம்" என்று எழுதியிருந்தார். அவருடைய கையெழுத்து சின்னதாக, ஒரே உயரத்தில், பஸ் அட்டவணை போட்டுப் பழகிய கையெழுத்து. அதுவும் இப்போதுதான் புரிகிறது.

இன்னொரு வழக்கம் என்னுடையது. அதை இன்று நினைத்தால் கை கூசுகிறது. மூன்று நாளுக்குள் நோட்டைத் திருப்பிக் கொடுக்காதவர் தம்முடைய மரண அறிவித்தலைத் தாமே எழுதி அபராதம் கட்ட வேண்டும். நம் நடிகரின் ரசிகர்கள் அவரைப் போலவே அடிக்கடி சாகட்டுமே என்று விளையாட்டாக எழுதினேன், எல்லோரும் துள்ளிக் குதித்து ஏற்றுக்கொண்டார்கள். பத்திரிகையில் வருவது போலவே கட்டம் கட்டி, ஆழ்ந்த வருத்தத்துடன் என்று தொடங்கி, அடக்கம் எங்கே, எத்தனை மணிக்கு என்பதுவரை எழுத வேண்டும். மற்றவர்கள் கீழே அனுதாபம் எழுதுவார்கள், அதில்தான் பெரிய கேலி. மாத்திரை நகைக்கடையில் வேலை செய்கிறவர், தீபாவளி நேரத்தில் வருடா வருடம் செத்தார். நான் மூன்று முறை செத்தேன். சால்வை ஒருமுறை செத்து, அதையும் செய்யுளில் எழுதினார். ஈஸிசேர் மட்டும் சாகவே இல்லை. எட்டு வருடத்தில் ஒருநாள் பிந்தியதில்லை. "எல்லாரும் சாகறீங்க, எனக்குத்தான் அதுக்கு நேரமே கிடைக்க மாட்டேங்குது" என்று குறைப்பட்டுக்கொள்வார். நாங்களும் அவர் எப்போது சாவார் என்று காத்திருந்தோம்.

அவரிடம் எங்களுக்கு இருந்த மரியாதை அவருடைய கற்பனைக்காக. மூவரும் அப்படித்தான் நினைத்தோம். எதிர்வீட்டில், தம் வீட்டுவரை கேட்கும்படி மாஜோங் காய் உருட்டி ஆடும் ஒரு சீனப் பாட்டி இருப்பதாக எழுதுவார். தோற்கிற நாளில் அவள் இவரைக் கூப்பிட்டுத் திட்டுவாளாம், ஜெயித்தால் ஆரஞ்சு கொடுப்பாளாம். எல்லாவற்றையும்விட ஸ்டெல்லா. நடுநடுவே எழுத்து மாறும், உருண்டை உருண்டையாக வரும், சிவப்பு மை. "மகள் ஸ்டெல்லா எழுதுவது: அப்பா நேற்றும் பல்செட்டை டீக் குவளையில் போட்டுவிட்டு அதிலேயே டீயும் ஊற்றிவிட்டார். உங்களில் யாராவது புத்தி சொல்லக்கூடாதா?" இப்படி ஒரு மகளை அவர் எங்களுக்காகவே உண்டாக்கி வைத்திருக்கிறார் என்று மகிழ்ந்துபோனோம். மாத்திரை ஒருமுறை ஸ்டெல்லாவைத் தனக்குக் கட்டிக்கொடுக்கும்படி நோட்டிலேயே பெண் கேட்டார். அடுத்த சுற்றில் சிவப்பு மையில் பதில் வந்தது: முதலில் நோட்டில் எண்ணெய்க் கை வைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள் அப்பா, பிறகு பார்க்கலாம். சால்வை அந்தப் பக்கத்துக்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் போட்டார்.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்கு முப்பத்திரண்டு வயதில் ஒரு இடம் வந்தது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் கடிதம் கூட எழுதாமல், தெரிந்தவர் மூலமாக வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு நோட்டு என்னிடம் இருந்தது. நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. முதல் வரியில் இன்று ஒன்றும் சாப்பிடவில்லை, பசியில்லை என்று எழுதிவிட்டு, வேறு ஏதோ வம்பளந்து முடித்தேன். சால்வையும் மாத்திரையும் அந்த வம்புக்குப் பதில் எழுதியிருந்தார்கள். ஈஸிசேர் மட்டும் இரண்டு பக்கம் நிறைய, பசியில்லாதவர்கள் சாப்பிடக்கூடிய இடங்கள் என்று தலைப்புப் போட்டு, எந்த மார்க்கெட்டில் எந்த மூலையில் எந்தக் கடை, அங்கே எத்தனை மணிக்குக் கூட்டம் குறையும், எந்த பஸ் பிடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: "பசிக்கலைன்னு எழுதறவங்களைத்தான் நான் முதல்ல பாப்பேன்." என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. அந்த வாரம் நான் அவர் சொன்ன இடங்களில் நான்கில் போய்ச் சாப்பிட்டேன், ஒவ்வொரு இடத்திலும் அழுதேன்.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் நோட்டை வாங்கிப்போனார். புதன்கிழமை நான் போனபோது நோட்டு வரவில்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. திங்கட்கிழமையும் இல்லை. ஒரு மனிதர் எட்டு வருடத்தில் முதல் முறையாகப் பிந்துகிறார், அவருக்கு என்ன ஆயிற்றோ என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. சந்தோஷமாக இருந்தது. மாட்டிக்கொண்டார், இனித் தப்ப முடியாது, எப்படிச் சாகப்போகிறார் பார்ப்போம் என்று ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டே எனக்குள் சிரித்துக்கொண்டேன். அடுத்த புதன்கிழமை மாலை ஐந்தரைக்குப் பாய் நோட்டை நீட்டினார். அங்கேயே பிரித்தேன். உருண்டை எழுத்து, ஆனால் நீல மை.

"எங்கள் தந்தை சூசைமாணிக்கம் நேற்று செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். நாளை வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கோயிலில் பூசை, பிறகு அடக்கம். அப்பா உங்களைப் பற்றித் தினமும் பேசுவார். உங்கள் பெயரோ விலாசமோ எனக்குத் தெரியாது, அதனால் இதில் எழுதுகிறேன். தயவுசெய்து வாருங்கள். மகள் ஸ்டெல்லா." கீழே கோயிலின் பெயரும் வீட்டு புளோக் எண்ணும் இருந்தன.

நான் என்ன நினைத்தேன் என்பதை அப்படியே சொல்கிறேன். சூசைமாணிக்கம் என்று எவ்வளவு பொருத்தமாகப் பெயர் கட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். புளோக் எண் வரை போட்டிருக்கிறாரே என்று வியந்தேன். சிவப்பு மைக்குப் பதில் நீலம், துக்கத்துக்காக மாற்றியிருக்கிறார், என்ன நுணுக்கம் என்று மெச்சினேன். சீட்டு விளையாட்டில் எல்லாரையும்விட நல்ல சீட்டு இறக்கிவிட்டார் என்றுதான் பட்டது. வீட்டுக்குப் போய்க் காப்பி கூடக் குடிக்காமல் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் எழுதியது இது: "கடைசியில் செத்தீர்களா! வாழ்த்துகள். ஆனால் அறிவித்தலில் பெரிய குறை. வழக்கத்தை ஏற்படுத்தியவரே மீறலாமா? செத்தவர் அன்றைக்கு என்ன சாப்பிட்டார் என்று முதல் வரியில் எழுதவில்லையே. ஸ்டெல்லாவைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள், பிறகு அழுகிறோம்." எழுதியதைத் திரும்பப் படித்து ரசித்தேன். மூன்று நாள் வைத்துக்கொள்ளவும் பொறுமையில்லை. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் இருக்கும் ஷென்டன் வேயிலிருந்து பஸ் பிடித்துப் போய் நோட்டைப் பாயிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அப்போது மணி ஒன்றரை. கோயிலுக்குப் போக வேண்டுமானால் அங்கிருந்தே போயிருக்கலாம், நேரம் தாராளமாக இருந்தது.

எனக்குப் பிறகு சால்வை, மாத்திரை. இருவரும் என் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் எழுதினார்கள். சால்வை செய்யுளில் இரங்கினார். மாத்திரை, மாமனார் போய்விட்டதால் இனிக் கல்யாணத்துக்குத் தடையில்லை என்று எழுதினார். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. நான் சிரித்ததைப் பார்த்துத்தான் அவர்களும் சிரித்தார்கள்.

அடுத்தது ஈஸிசேரின் முறை. அவர் என்ன பதில் எழுதுகிறார் என்று பார்க்கும் அவசரத்தில், என் நாள் வருமுன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் போனேன். பாய் நோட்டை எடுத்துக் கொடுக்கவில்லை. கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வெளியே வந்தார். அவர் அப்படி எழுந்து வந்ததை நான் பார்த்ததே இல்லை.

"தங்கச்சி, அந்தப் பொண்ணு நேத்து வந்துச்சு. கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு."

எந்தப் பெண் என்று கேட்டேன்.

"ஈஸிசேரோட மகதான் லா. போன தடவை அதுதான் நோட்டைக் குடுத்துட்டுப் போச்சு, நான் அவர் அனுப்பிவிட்டாருன்னு நெனச்சேன். நேத்துதான் சொல்லுச்சு, அப்பா மௌத்தாயிட்டாருன்னு."

அவருக்கு மகளே கிடையாது பாய் என்றேன். என் வாயிலிருந்து அப்படித்தான் வந்தது. பாய் தலையை அசைத்து மறுத்தார்.

"சின்னப் புள்ளையா இருக்கையில அவர் கையப் புடிச்சுக்கிட்டு வரும், நானே முட்டாய் குடுத்திருக்கேன். இங்கதான் நின்னு நீங்க எழுதினத எல்லாம் படிச்சுச்சு. படிச்சுட்டு அந்த ஸ்டூல்ல உக்காந்துருச்சு. தண்ணி குடுத்தேன், குடிக்கல. பேனா கேட்டுச்சு."

பிறகு நோட்டைக் கொடுத்தார். எங்கள் மூவருடைய அனுதாபங்களுக்கும் கீழே ஒரே வரி இருந்தது. "மூக்குக்கண்ணாடி அவர்களுக்கு: அப்பா கடைசி மூன்று நாள் எதுவும் சாப்பிடவில்லை."

அன்றே குவீன்ஸ்டவுனுக்குப் போனேன். எந்த தைரியத்தில் போனேன் என்று தெரியவில்லை. லிஃப்ட் அவர் மாடியில் நிற்காது என்று நோட்டில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறார். நிற்கவில்லை. ஒரு மாடி மேலே இறங்கிப் படியில் நடந்து வந்தேன். நடைபாதையில் மாஜோங் காய்கள் உருளும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது, ஒரு சீனப் பாட்டி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவளும் கதை இல்லை.

ஸ்டெல்லாவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கிளினிக்கில் வேலை. கதவைத் திறந்து, என் கையிலிருந்த நோட்டைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே வரச் சொன்னார். என்னைவிடச் சின்னவர்தான், ஆனாலும் அவரை 'அவள்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. காப்பி கொடுத்தார். நாங்கள் ஸ்டெல்லாவை அப்பாவின் கற்பனை என்று நினைத்திருந்தோம் என்பதை எப்படியோ திக்கித் திணறிச் சொன்னேன். அவர் நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டிச் சிவப்பு மை எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"இதெல்லாம் நான் வீட்ல சொன்னதுதான்க்கா. அப்படியே என் எழுத்து மாதிரியே எழுதியிருக்காரு. அப்பாவுக்குக் கற்பனை பண்ணவே தெரியாது."

அம்மா ஸ்டெல்லாவின் பத்தாவது வயதிலேயே போய்விட்டாராம். வேலை, கோயில், வீடு, இந்த நோட்டு, இவ்வளவுதான் அவருக்கு. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது, நான் போனா உனக்குத் தெரியாத மூணு பேர் கட்டாயம் வருவாங்க, அவங்களை நல்லா கவனிச்சுக்கோ என்று சொல்லியிருக்கிறார். எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று ஸ்டெல்லா கேட்டதற்கு, எனக்கும் தெரியாது, உனக்குத் தெரியாத முகம்னா அது அவங்கதான் என்றாராம். அதனால் அடக்கத்தன்று ஸ்டெல்லா பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. கோயில் வாசலில் நின்றிருக்கிறார்.

"ஃபாதர்கிட்ட பத்து நிமிஷம் கேட்டு வாங்கினேன். அப்புறம் இன்னொரு பத்து நிமிஷம். அப்பாகூட வேலை செஞ்சவங்க எல்லாரும் வாட்ச்சைப் பாத்தாங்க. அப்ப கண்ணாடி போட்ட ஒருத்தங்க உள்ள வந்தாங்க. நான் ஓடிப்போய் அவங்க கையப் புடிச்சுக்கிட்டேன். வந்துட்டீங்களா, அப்பா அங்க இருக்காருன்னு சொன்னேன். அவங்க பாவம், மெழுகுவத்தி ஏத்த வந்தவங்க."

அந்த அம்மாள் மரியாதைக்காக ஐந்து நிமிடம் நின்று ஜெபம் சொல்லிவிட்டுப் போனார்களாம். பிறகு பெட்டியை மூடிவிட்டார்கள்.

ஸ்டெல்லா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"நீங்க கண்ணாடி போடல. அப்ப மூக்குக்கண்ணாடி இல்ல. என்னைப் பொண்ணு கேட்ட மாத்திரையும் இல்ல. சால்வையா?"

இந்த இடத்தில் நான் செய்ததைத்தான் நான் இங்கே எழுத வந்தேன். மற்றதெல்லாம் இதற்காகத்தான். ஒரு சொல் போதும், உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் எனக்கே ஒரு வழி திறந்து வைத்திருந்தார், நான் அதில் நுழைந்து தப்பித்தேன். "சால்வை" என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் இளகியது. சால்வைமேல் அப்பாவுக்குத் தனி மரியாதை, அவரை மாதிரி எனக்குத் தமிழ் எழுத வராதேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு என்றார். சால்வைமேலும் மாத்திரைமேலும் தனக்குக் கோபம் இல்லை என்றார். அவர்கள் கைக்கு நோட்டு போவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்குமே, வந்திருக்க முடியாதே என்றார். எனக்காகச் சமாதானம் சொன்னார். பிறகு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"புதன்கிழமை அதை வாங்கினது ஒருத்தர்தான். அவங்க மட்டும்தான் வந்திருக்கலாம். அவங்க யாருன்னு தெரியுமாக்கா?"

தெரியாது என்றேன்.

தெரிஞ்சா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். வேணாம், அதை நேர்லயே சொல்லிக்கறேன் என்றார். அது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. திட்டாக இருக்கலாம், இருந்தால் நியாயம். அவருடைய அப்பா எனக்கென்று ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருக்கவும் கூடும். அதைத்தான் நினைக்க முடியவில்லை. எதுவானாலும், பொய் சொன்னவளுக்கு அது கிடைக்கவில்லை.

நோட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அது அவர்களுடைய வீட்டில்தான் இருக்க வேண்டும். கிளம்பும்போது ஸ்டெல்லா அடக்கத்தன்று கொடுத்த நினைவு அட்டை ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் 'சால்வைக்கு' என்று எழுதி என் கையில் கொடுத்தார். கீழே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து முதல் முறையாக ஈஸிசேரின் முகத்தைப் பார்த்தேன். எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை, சட்டைப் பையில் இரண்டு பேனா, போட்டோ எடுப்பவர் சிரிக்கச் சொன்னதால் வந்த சிரிப்பு. எங்கேயாவது பார்த்த முகமாக இருக்கக்கூடாதா, ஒருநாளாவது டெர்மினலில் இவரிடம் பஸ் எப்போது வரும் என்று கேட்டிருக்க மாட்டேனா என்று தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. பார்த்ததே இல்லை.

சால்வை, மாத்திரை, நீங்கள் இருவரும் பத்திரிகையின் இந்தப் பக்கத்தைப் படிப்பீர்கள் என்று தெரியும், நம் பழக்கமே இதிலிருந்துதான் தொடங்கியது. அவர் உண்மையாகவே போய்விட்டார். இது அபராதம் இல்லை. உங்கள்மேல் தவறும் இல்லை. எட்டு வருடம் அவர் நமக்கு எழுதியதில் ஒரு வரி கூடப் பொய் இல்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நாம் கதை என்று நினைத்து ரசித்ததெல்லாம் அவருடைய வாழ்க்கை. அவர் நம்மிடம் மறைத்தது எதுவும் இல்லை, பெயரைத் தவிர. பெயரை மறைக்கச் சொன்னதும் நான்தான்.

அவரை நினைத்துக்கொள்ள என்னிடம் இருப்பது அந்த அட்டை ஒன்றுதான். அதுவும் எனக்குக் கொடுத்தது இல்லை. சால்வை, அது உங்களுடையது, பாயிடம் கொடுத்து வைத்திருக்கிறேன், போய் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பெயர் சொல்லி எனக்கென்று ஒன்று வேண்டுமானால் நான் அதைச் சரியான பெயரில் போய்க் கேட்க வேண்டும்.

அவருடைய முப்பதாம் நாள் பூசையை எல்லோரும் வர வசதியாக வருகிற ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிறார்கள். ஸ்டெல்லா, மூக்குக்கண்ணாடி நான்தான். கமலவேணி என் பெயர். அன்றைக்குக் காப்பி குடித்துவிட்டுப் பொய் சொல்லிப் போனவள். பூசைக்கு அரை மணி முன்னதாகவே வந்துவிடுவேன். நீங்கள் வாசலில் நின்று யாரையும் தேட வேண்டாம், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார முடியாமல் போனது போல இந்த முறையும் ஆக வேண்டாம். நானே உங்களிடம் வருகிறேன். எனக்குச் சொல்ல வைத்திருந்ததை அப்போது சொல்லுங்கள்.